இரண்டாவது மோட்டார்: சிறு படகுக்குத் துணை அவுட்போர்டு தேர்ந்தெடுப்பது

காசிமேட்டிலோ கோவளத்திலோ ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்பவர் பெரும்பாலும் இரண்டாவது மோட்டாரைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போவதில்லை. அவருக்குத் தேவையும் இல்லை. மோட்டார் நின்றுவிட்டால் போனில் ஒரு குரல் போதும், பக்கத்தில் வலை போட்டிருக்கும் மாமனோ மச்சானோ வந்து கயிறு கட்டி இழுத்துப் போவார். அயனம்பாக்கத்திலும் நொளம்பூரிலும் திருவேற்காட்டிலும் குடியிருந்துகொண்டு, விடுமுறை நாளில் தூண்டில் போடவோ சும்மா சுற்றிவரவோ படகை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு அந்தக் குப்பமும் இல்லை, அந்த மச்சானும் இல்லை. இந்த அத்தியாயம் அவருக்காக.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏரி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அயனம்பாக்கம் ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பது. அனுமதி இல்லாமல் அதில் மோட்டார் படகை இறக்கிச் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். நாம் போகிற நீர் இரண்டு திசையில் இருக்கிறது. தெற்கே பைபாஸ் பிடித்துப் போனால் முட்டுக்காடு, கோவளம். வடக்கே அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறி மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு. இரண்டிலும் காயல் உண்டு, முகத்துவாரம் உண்டு, அதற்கு அப்பால் வங்கக் கடல். உங்களுக்கு இரண்டாவது மோட்டார் தேவையா என்பது இந்த மூன்றில் எதுவரை போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

காயலுக்குள்ளேயே சுற்றி வருபவர் இந்த அத்தியாயத்தை இங்கேயே மூடிவிடலாம். பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதியில் இடுப்பளவு ஆழம்கூடக் கிடையாது. அங்கே இரண்டு துடுப்பு, ஒரு மூங்கில் கழி, ஒரு நங்கூரம் போதும். பணம் மிச்சம், முதுகுவலியும் மிச்சம். முகத்துவாரத்தைத் தாண்டுகிறவருக்குத்தான் இரண்டாவது மோட்டார். முகத்துவாரத்து மணல்மேட்டில், அலை உடையும் இடத்தில் மோட்டார் நின்றால் படகு அலைக்குக் குறுக்கே திரும்ப அதிக நேரம் பிடிக்காது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை அந்தப் பக்கத்து மக்கள் இன்னும் பேசுகிறார்கள். அளவுக்கு மீறிய ஆட்கள், உயிர்காப்புச் சட்டை இல்லை. அதற்கு எந்த மோட்டாரும் மருந்தல்ல. படகில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவையும் எண்ணிப் பார்க்கச் சொல்வதற்காகவே அதை இங்கே நினைவூட்டுகிறேன், ஏனென்றால் இரண்டாவது மோட்டாரும் ஒரு சுமைதான்.

முதல் மோட்டார் எதனால் நிற்கிறது?

கடைக்காரரிடம் போவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். எத்தனை எச்.பி., எந்த கம்பெனி என்பதெல்லாம் பிறகு. கடலில் அவுட்போர்டு நிற்பதற்கான காரணங்களில் என்ஜினுக்குள் ஏதோ உடைந்து போவது கடைசியில்தான் வரும். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும். கார்புரேட்டரிலோ ஃபில்டரிலோ பிசின் கட்டியிருக்கும். பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது உப்புப் பூத்து டெர்மினல் தளர்ந்திருக்கும். தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தில் பிளாஸ்டிக் பை ஒட்டி, சூடேறி அலாரம் அடித்திருக்கும். கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்கு வெளியே போய்ப் பார்த்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஆகாயத்தாமரைக் கூட்டமே மிதந்து வரும். அறுந்து மிதக்கும் வலையும் கயிறும் புரொப்பல்லரில் சுற்றிக்கொள்வது இன்னொன்று.

இந்தப் பட்டியலிலிருந்து ஒரே விதி கிடைக்கிறது. இந்த அத்தியாயத்தில் மற்றதெல்லாம் அதன் விரிவுதான். முதல் மோட்டாரை நிறுத்திய காரணம் இரண்டாவதைத் தொடக் கூடாது. ஒரே பெட்ரோல் டாங்கிலிருந்து டீ-ஜாயின்ட் போட்டு இரண்டுக்கும் குழாய் விட்டிருந்தால், டாங்கில் தண்ணீர் இறங்கிய அன்று உங்களிடம் இருப்பது நின்றுபோன இரண்டு மோட்டார்கள். ஒரே பேட்டரியை நம்பிச் செல்ஃப் ஸ்டார்ட் வைத்திருந்தாலும் அதே கதைதான். ஆகவே துணை மோட்டாருக்குத் தனி டாங்க், தனிக் குழாய், கையால் கயிறு இழுத்துக் கிளப்பும் வசதி. செல்ஃப் வேண்டுமென்றால் கூடுதலாக இருக்கட்டும், கயிறு இல்லாத மாடல் வேண்டாம்.

எத்தனை எச்.பி.?

காருக்கு ஸ்டெப்னி மாட்டினால் கார் பழைய வேகத்திலேயே ஓடும். துணை மோட்டாரிடம் அதை எதிர்பார்ப்பவர்கள்தான் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிவிட்டு, தூக்க முடியாமல் வீட்டில் போட்டுவைக்கிறார்கள். 90 எச்.பி. மோட்டாரில் உங்கள் படகு நீர்மட்டத்தின் மேல் எழும்பிச் சறுக்கிப் போகிறது. துணை மோட்டாரில் அது எழும்பாது. தண்ணீரைப் பிளந்துகொண்டுதான் போகும். அப்படிப் போகும் படகுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. படகு தண்ணீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால் அந்த வரம்பு மணிக்கு இத்தனை கி.மீ. என்று கிடைக்கும். 18 அடிப் படகு தண்ணீரைத் தொடும் நீளம் ஏறக்குறைய 4.9 மீட்டர் என்று வைத்தால், வரம்பு 10 கி.மீ. வேகம். 6 மீட்டர் தொட்டால் 11. அந்த வரம்பை நெருங்க நெருங்க எச்.பி. எல்லாம் அலை எழுப்புவதில் செலவாகும், படகு முன்னே போகாது. ஆகவே 7 அல்லது 8 கி.மீ. வேகத்துக்குக் குறிவையுங்கள். அமைதியான தண்ணீரில் அதற்குக் கொஞ்சம் சக்தியே போதும்.

ஆனால் அமைதியான தண்ணீருக்காக நாம் மோட்டார் வாங்கவில்லை. சென்னைக் கடலில் நீரோட்டம் ஆண்டுக்கு இரண்டு முறை திசை மாறுகிறது. பிப்ரவரி தொடங்கிக் கோடை முழுதும் வடக்கு நோக்கி ஓடும்; அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தெற்கு நோக்கி. கரையோரம் மெதுவாக இருந்தாலும் வெளியே போகப் போக விநாடிக்கு 1 மீட்டரைத் தொடும் நாட்கள் உண்டு, அதாவது மணிக்கு 3.6 கி.மீ. உங்கள் 2.5 எச்.பி. மோட்டார் பாரமான படகை 5 கி.மீ. வேகத்தில் தள்ளுகிறது என்று வையுங்கள். நீரோட்டத்துக்கு எதிரே அது 1.4 கி.மீ. ஆகிவிடும். அதன்மேல் காற்றும் எதிரே அடித்தால் படகு நின்ற இடத்திலேயே நிற்கும், பெட்ரோல் மட்டும் தீரும்.

காற்றிலும் எல்லாம் ஒரே ஆபத்தல்ல. வாடைக் காற்றில் படகு கரைப்பக்கம் ஒதுங்கும். அது அலை உடையும் இடத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்குமே என்ற பயம் இருந்தாலும், நங்கூரம் போட்டு நிற்க நேரம் கிடைக்கும். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் வேறு. அது படகைக் கரையிலிருந்து வெளியே தள்ளும், கடல் தட்டையாகத் தெரிவதால் ஆபத்தே தெரியாது. துணை மோட்டாரின் அளவை முடிவு செய்ய வேண்டியது கச்சானை வைத்துத்தான்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்து நான் சொல்வது, ஒரு டன் எடைக்கு 4 எச்.பி.யிலிருந்து 5 எச்.பி. வரை. எடை என்றால் படகு, பெரிய மோட்டார், பெட்ரோல், ஐஸ் பெட்டி, ஆட்கள் எல்லாம் சேர்த்து. நான்கு பேர் போகும் 18 அடி ஃபைபர் படகு இப்படிக் கூட்டினால் ஒரு டன்னைச் சற்றுத் தாண்டும்; அதற்கு 5 அல்லது 6 எச்.பி. இரண்டு டன்னை எட்டும் 22 அடிப் படகுக்கு 8 அல்லது 9.9. அதற்கு மேல் துணை மோட்டார் தேடுகிறவர், ஒரே அளவில் இரண்டு பெரிய மோட்டார்களாக மாட்டிக்கொள்வதைப் பற்றி யோசிப்பது நல்லது. அது வேறு அத்தியாயம்.

எடை, அதோடு மாடிப்படி

ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு 1.5 எச்.பி.தான், எடையோ 62 பவுண்டு, சுமார் 28 கிலோ. இன்று ஒற்றை சிலிண்டர் 6 எச்.பி. ஃபோர்-ஸ்ட்ரோக் ஏறக்குறைய அதே எடைக்குக் கிடைக்கிறது, 25 முதல் 27 கிலோ. இந்த ஒற்றை சிலிண்டர் வகையில் 4, 5, 6 எச்.பி. மூன்றும் பல கம்பெனிகளில் ஒரே என்ஜின்தான்; கார்புரேட்டரும் சில சில்லறைப் பாகங்களும்தான் மாறும். எடை ஒன்றாக இருக்கும்போது 4 வாங்குவதில் பொருள் இல்லை. 8 எச்.பி.க்குப் போனால் இரட்டை சிலிண்டர், எடை 40 கிலோவை ஒட்டி வரும். 6-க்கும் 8-க்கும் இடையே எண்ணில் வித்தியாசம் இரண்டுதான், தூக்கும் ஆளுக்கு வித்தியாசம் மிகப் பெரிது. 27 கிலோவை ஒருவர் தூக்கிக் காரில் வைக்கலாம். 40 கிலோவுக்கு இரண்டு பேர் வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவருக்கு இது சாதாரண விஷயமல்ல. படகைக் கோவளத்தில் யாரோ ஒருவர் வளாகத்தில் விட்டுவைத்தாலும், சின்ன மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவதே நல்லது. திருடுபோவது எப்போதும் சின்னதுதான். ஃபோர்-ஸ்ட்ரோக்கைக் காரில் கம்பெனி சொல்லும் பக்கமாகத்தான் படுக்கவைக்க வேண்டும். மாற்றிப் படுத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும், அடுத்த முறை கயிறு இழுக்கும்போது நீல நிறப் புகையோடு தெரியும். எந்தப் பக்கம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மூடியில் அதற்கென்றே ரப்பர் பட்டைகள் வைத்திருப்பார்கள்.

டூ-ஸ்ட்ரோக்குக்கு அந்தக் கவலை இல்லை, எப்படியும் படுக்கும். 8 எச்.பி. டூ-ஸ்ட்ரோக் 27 கிலோ அளவிலேயே கிடைக்கும், பாகங்கள் குறைவு, கரையில் எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். எண்ணெய் கலந்த பெட்ரோல் தேவைப்படுவதால் தனி டாங்க் கட்டாயமாகிறது. நம் விதிக்கு அது நல்லதே. புகை, சத்தம், வாடை எல்லாம் உண்டுதான். வருடத்தில் சில மணிநேரமே ஓடப்போகும் மோட்டாருக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. தூண்டில் இழுத்துக்கொண்டு மெதுவாகப் போவதற்கும் அதையே பயன்படுத்த நினைப்பவர் ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கட்டும். மெதுவான வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவது டூ-ஸ்ட்ரோக்குக்கு ஒத்துவராது, பிளக் கரிபிடித்துப் போகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய மண்ணெண்ணெய் மோட்டார் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அதைப் பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலில் சிறிது ஓட்ட வேண்டும். தினமும் ஓட்டும் மீனவருக்கு அது பழக்கம். அலையில் ஆடிக்கொண்டு, பதற்றத்தில், எப்போதோ ஒருமுறை கிளப்புகிறவருக்கு அல்ல. மானிய மண்ணெண்ணெயும் மீனவர்களுக்குத்தான் உண்டு, நமக்கு இல்லை.

பெட்ரோல்

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு மோட்டார் வாங்குகிறவர் கோட்டை விடுவது இங்கேதான். நம் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சிறிய அவுட்போர்டுகளின் கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் ஒத்துக்கொள்கின்றன. தினமும் ஓடும் பைக்கில் டாங்க் காலியாகிக்கொண்டே இருக்கும். துணை மோட்டாரின் டாங்கில் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். டாங்கின் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். பழைய ரப்பர் குழாயும் கேஸ்கெட்டும் எத்தனாலில் ஊறி உப்பிப்போகும்.

வழி இரண்டு. எத்தனால் கலக்காதது என்று விற்கப்படும் உயர் ஆக்டேன் பெட்ரோலைத் தேடிப் போடுவது ஒன்று. விலை அதிகம்தான், ஆனால் துணை மோட்டாருக்குத் தேவை 10 லிட்டர்தானே. பங்குக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், வீட்டிலேயே பார்க்கலாம். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அதன்மேல் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி நிறுத்துங்கள். அடியில் தண்ணீர் மட்டம் குறித்த கோட்டைவிட உயர்ந்தால் அந்த அளவுக்கு எத்தனால் அதில் இறங்கியிருக்கிறது. உயரவில்லை என்றால் கலப்பு இல்லை. திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் செய்யுங்கள். சாதாரணப் பெட்ரோலையே போட்டு, ஒவ்வொரு முறை திரும்பிய பிறகும் மிச்சத்தைக் காரில் ஊற்றித் தீர்த்துவிடுவது இன்னொரு வழி. எண்ணெய் கலக்காத ஃபோர்-ஸ்ட்ரோக் பெட்ரோலுக்கு மட்டும் அது பொருந்தும். எந்த வழியானாலும் கார்புரேட்டரை வற்றவிட்டுத்தான் மோட்டாரை வைக்க வேண்டும். குழாயைக் கழற்றிவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிட்டால் போதும். எரிபொருளைத் தெளிக்கும் இ.எஃப்.ஐ. வகையில், பேட்டரி இல்லாமல் கயிற்றிலேயே கிளம்பும் 9.9 எச்.பி. மாடல்கள் வந்திருக்கின்றன. பிசின் தொல்லை அவற்றில் குறைவு. பெரிய படகுக்காரர்கள் விலையைக் கேட்டுப் பார்க்கலாம்.

டாங்க் எவ்வளவு பெரிது? 6 எச்.பி. ஃபோர்-ஸ்ட்ரோக் முழு விசையில் மணிக்குச் சுமார் 2.2 லிட்டர் குடிக்கும். கரையிலிருந்து 15 கி.மீ. வெளியே இருக்கிறீர்கள், படகு 7.5 கி.மீ. வேகம் போகும், நீரோட்டம் 2 கி.மீ. எதிரே. கரை சேர 2 மணி 45 நிமிடம், 6 லிட்டர். அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு. 12 லிட்டர் டாங்க் சரியாக வரும். மோட்டார் மேலேயே இருக்கும் ஒரு லிட்டர் சொச்சம் டாங்கை நம்பிக் கடலுக்குப் போவது அரை மணி நேர நம்பிக்கைதான். பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கல்லாமல் 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்கலாம் என்றாலும், ஃபிளாட்டில், அதுவும் பால்கனியில், வெயிலில் வைக்கிற பொருள் அல்ல அது.

மாட்டுவது

அவுட்போர்டு காலின் நீளம் 15, 20, 25 அங்குலம் என்று மூன்று அளவில் வரும். பெரிய மோட்டாருக்கு 20 அங்குலம் என்பதால் துணைக்கும் 20 போதும் என்று கடையில் சொல்வார்கள். பெரியது நடுவில் இருக்கிறது, துணை ஓரத்தில் இருக்கப்போகிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. படகு அந்தப் பக்கம் தூக்கும்போதெல்லாம் ஓரத்தில் இருக்கும் புரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறுமனே சுற்றும். அலையில் இது ஓயாமல் நடக்கும். அதனால் ஏற்றி இறக்கும் பிராக்கெட்டோடு 20 அங்குலக் கால், அல்லது கிடைத்தால் 25. இறக்கி வைத்த நிலையில் புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிமட்டத்துக்கு ஓரிரு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும்.

பிராக்கெட் இறக்குமதிச் சரக்காகத்தான் வேண்டும் என்பதில்லை. நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. படம் கொடுத்தால் அன்றைக்கே வெட்டி வளைத்து வெல்டிங் செய்து தரும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் கையில் எப்போதும் இருப்பது 304 ஸ்டீல். உப்புத் தண்ணீருக்கு 316 வேண்டும். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பு அரிப்பதைத் தாங்கும். 304 வெல்டிங் ஓரத்தில் பழுப்பு நிறம் கட்டத் தொடங்கிவிடும். போல்ட், நட், வாஷர் வரை 316 என்று எழுதிக் கொடுங்கள். மோட்டாரின் கிளாம்ப் அலுமினியம், பிராக்கெட் ஸ்டீல். இரண்டும் உப்பு நீரில் நேராக உரசினால் அலுமினியம்தான் கரையும். நடுவில் நைலான் தகடோ கடினமான பிளாஸ்டிக் பலகையோ வையுங்கள். படகின் பின்பலகையில் துளை போடும்போது உள்ளே மரம் இருந்தால், துளையின் சுவர் முழுக்க எபாக்சி பூசிய பிறகே போல்ட் போடுங்கள். ஈரம் இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் மரம் அழுகுவது வெளியே தெரியாது. பின்பலகையின் உட்பக்கம் ஒரு கெட்டித் தகடும் வேண்டும். கிளாம்ப் திருகுகளை மட்டும் நம்பாமல் மோட்டாரை ஒரு சங்கிலியோடு படகில் பிணைத்துவிடுங்கள், அதிர்வில் திருகு தளரும்.

புரொப்பல்லரைப் பற்றிக் கடையில் யாரும் பேச மாட்டார்கள். சின்ன மோட்டாரோடு வருவது லேசான ரப்பர் படகை வேகமாகத் தள்ளுவதற்கான பிட்ச் (ஒரு சுற்றுக்குப் புரொப்பல்லர் முன்னேறும் தூரம்), 6 எச்.பி.க்குப் பெரும்பாலும் 8 அல்லது 9 அங்குலம். ஒரு டன் படகை 7 கி.மீ. வேகத்தில் தள்ள அது அதிகம்; மோட்டார் திணறும், முழு சுற்றுக்கு வராது. 6 அல்லது 7 அங்குலப் பிட்ச் கேளுங்கள். ஒரு பெரிய மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமில்லை, பலன் அதிகம்.

மின்சார மோட்டாரை நினைப்பவருக்கு ஒரே ஒரு கணக்கு. 12 வோல்ட்டில் 55 பவுண்டு தள்ளு விசை கொண்ட மோட்டார் முழு விசையில் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் கிடைப்பது ஒரு மணி நேரம். அந்தப் பேட்டரியின் எடை, ஒரு 6 எச்.பி. பெட்ரோல் மோட்டார் அளவு. காயலுக்கு அருமையான பொருள். கச்சானுக்கு எதிரே வேண்டாம்.

எந்த கம்பெனி?

காசிமேட்டுக்குப் போய்க் கேளுங்கள் என்பதே என் பதில். மோட்டார் விலை கேட்க அல்ல. அந்த மாடலுக்கு வாட்டர் பம்ப் இம்பெல்லர் இருக்கிறதா, ஸ்டார்ட்டர் கயிறு இருக்கிறதா, கார்புரேட்டர் கிட் இருக்கிறதா என்று கேட்க. மீனவர் கையில் அதிகம் புழங்கும் யமஹா, சுசுகி பாகங்கள் அங்கே கையோடு கிடைக்கும். மற்ற நல்ல மோட்டார்களும் உண்டு. மெர்குரியின் சிறிய மோட்டார்கள் பலவற்றை ஜப்பானின் தொஹாட்சுதான் செய்துகொடுக்கிறது, ஆகவே ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்துவது உண்டு. ஆனால் பத்து ரூபாய் ரப்பர் துண்டுக்காக மும்பையிலிருந்து கூரியர் வரக் காத்திருக்கும் மோட்டார், தாளில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் துணைக்கு உதவாது.

பழையதை வாங்குவதானால் மூடியைத் திறந்து பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். கியர் ஆயில் போல்ட்டைத் திறந்து எண்ணெய் பால் நிறத்தில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மோட்டார் குளிர்ந்திருக்கும்போது கிளப்பச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

படகுக்குப் பதிவும் ஆய்வும் தேவைப்படும் இடத்தில், 2021-இன் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் கீழோ வேறெதன் கீழோ, இரண்டாவது மோட்டாரால் பதிவு விவரம் மாறுகிறதா என்று அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்காரரிடமும்.

டிரம்மிலும் கடலிலும்

வீட்டு வாசலில் 200 லிட்டர் நீல டிரம் ஒன்று வையுங்கள். விளிம்பில் கெட்டியான பலகையைப் பிணைத்து அதில் மோட்டாரை மாட்டி, தண்ணீர் உறிஞ்சும் துவாரம் மூழ்கும் அளவுக்கு நிரப்பி, மாதம் ஒருமுறை பத்து நிமிடம் நியூட்ரலில் ஓடவிடுங்கள். பின்னால் நீர்த்தாரை பீச்சுகிறதா என்று பாருங்கள். அது மெலிந்தால் இம்பெல்லரை மாற்றும் நேரம். கடலுக்குப் போய் வந்த அன்று இதே டிரம்மில் நல்ல தண்ணீரில் ஓட்டினால் உள்ளே உப்பும் போய்விடும். உங்கள் போர் தண்ணீரே உப்பாக இருந்தால் லாரித் தண்ணீர் ஊற்றுங்கள். மூடிய கார் நிறுத்தத்தில் ஓட்டாதீர்கள், புகையில் இருப்பது விஷ வாயு.

சின்ன மோட்டாரைப் பழக்கத்தில் வைத்திருப்பவருக்கு இன்னொரு பயனும் உண்டு. கூவத்தில் தண்ணீர் கூடி நொளம்பூர் தரைப்பாலம் மூழ்கிய மழைக்காலங்களில், 2015-இலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருக்களில் ஓடியவை மீனவர் கொண்டுவந்த படகுகள். தெருவெள்ளத்தில் ஓட்டும் எண்ணம் இருந்தால் புரொப்பல்லருக்கு வளையம் போட்ட காப்பு கட்டாயம். மூழ்கிய காம்பவுண்டுச் சுவரைவிட, நீந்தி வரும் மனிதர்தான் அதற்குக் காரணம்.

கடைசியாக, நல்ல வெளிச்சமும் இதமான காற்றும் உள்ள ஒரு காலையில் கடலுக்குப் போய், இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பெரிய மோட்டாரை அணைத்துவிடுங்கள். வழக்கமான ஆட்கள், வழக்கமான சாமான்களோடு. பேட்டரி செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு பெரிய மோட்டாரைக் கையால் மேலே தூக்குங்கள். டில்ட் அமைப்பின் பக்கத்தில் அதற்கென்று ஒரு விடுவிப்புத் திருகு இருக்கிறது, அதைத் திறக்கும் ஸ்குரூ டிரைவர் படகில் இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். நங்கூரத்தையும் போட்டுப் பாருங்கள். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு இருக்கிறதா? துணை மோட்டாரைக் கிளப்பும்வரை படகை நிறுத்திவைக்கப்போவது அதுதான். 1554 கடலோரக் காவல்படையின் எண், 1093 கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ். இரண்டையும் படகிலேயே பெயின்ட்டில் எழுதிவிடுங்கள், போன் நனைந்தால் இன்னொருவர் போனிலிருந்து கூப்பிடலாம்.

பிறகு துணை மோட்டாரிலேயே கரைக்குத் திரும்புங்கள், காற்றுக்கு எதிரே வரும்படி வழி பார்த்து. போன் ஜி.பி.எஸ்.ஸில் வேகத்தைக் குறியுங்கள். 6 கி.மீ.க்குக் குறையாமல் வந்தால் அந்த மோட்டார் உங்கள் படகுக்குப் போதும். குறைந்தால் முதலில் பிட்ச் குறைவான புரொப்பல்லரை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் 4 கி.மீ.யைத் தாண்டவில்லை என்றால் மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கவோ மாற்றவோ முடியும் நிலையில் இருக்கும்போதே கடைக்காரரிடம் போய்விடுங்கள். இதற்காகவே, வாங்கும்போது கடல் சோதனைக்கு இத்தனை நாள் என்று பில்லில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.